காபூலும் நாஹாவும் ஒரே பட்டியலில்

குடியேறிகளின் வாழ்க்கைத்தரத்தைப் புள்ளிவிவரங்களிலிருந்து எடுத்துத்தரும் அலுவலகங்களுக்கு வழக்கமாக வரும் கோரிக்கை ஒன்று உண்டு. “இந்தச் சமூகத்தையும் அந்தச் சமூகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு டேபிள் போட்டுக் கொடுங்கள், யார் வசதி, யார் வறுமை என்று தெரிந்தால் போதும்.” அமெரிக்காவில் வாழும் ஆப்கானியரும் ஒகினாவரும் (ஜப்பானின் தென்கோடித் தீவான ஒகினாவாவைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள்; அதன் தலைநகர்தான் நாஹா) அப்படிக் கேட்கப்படும் ஒரு ஜோடி. மொழி, மதம், வந்த காலம், வந்த காரணம் எதிலும் இவர்களுக்குள் ஒட்டுறவு கிடையாது. பிறகு எதற்கு ஒப்பிடுகிறார்கள் என்றால், ‘ஆசியர்’ என்ற பெரிய கூடைக்குள் சிறிய சமூகங்கள் காணாமல் போகின்றன என்ற நியாயமான கவலைதான். இந்தியரும் சீனரும் இழுத்து மேலேற்றும் சராசரிக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க, சிறிய குழுக்களைத் தனித்தனியே பிரித்தாக வேண்டும்.

நோக்கம் சரி. சிக்கல் டேபிளில்தான். ‘ஆப்கானியரின் வருமானம்’, ‘ஒகினாவரின் வருமானம்’ என்று இரண்டு எண்களை எழுதிய அந்த நொடியிலேயே, அந்த எண்கள் யாருடையவை என்ற கேள்வி மறைந்துபோகிறது. அதை மறையவிடாமல் வைத்திருப்பதுதான் இந்த வேலையில் முக்கால்வாசி.

முதலில் தள்ளி வைக்க வேண்டியது இணையத்தில் தானாகவே உற்பத்தியாகும் தரவரிசைகளை. அவற்றில் ஒரு வகை, ஒவ்வொரு கவுண்டியிலும் (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) ஒரு சமூகத்தின் விழுக்காட்டை எடுத்து, அந்தக் கவுண்டியின் மொத்த வருமானத்தோடு பொருத்தி, கிடைக்கும் எண்ணை அந்தச் சமூகத்தின் வருமானம் போலக் காட்டிவிடும். ஆப்கானியர் அதிகம் வாழும் இடங்களைப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஃப்ரீமான்ட் நகரம். அதன் சென்டர்வில் பகுதிக்கே ‘குட்டி காபூல்’ என்று பெயர். வாஷிங்டனை ஒட்டிய வடக்கு வர்ஜீனியா. பிறகு சாக்ரமென்டோ. ஃப்ரீமான்ட்டில் இடைநிலைக் குடும்ப வருமானம் (எல்லா வீடுகளையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்கும் வீட்டின் வருமானம்) ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல். வடக்கு வர்ஜீனியாவின் லௌடன் கவுண்டி வருமானத்தில் பல ஆண்டுகளாக நாட்டிலேயே முன்வரிசை. அந்த வருமானம் அங்கே குடியிருக்கும் மென்பொருள் பொறியாளர்களுடையது, அரசு ஒப்பந்த நிறுவன ஊழியர்களுடையது. அதே ஊரில் வாடகைக் குடியிருப்பில் இருந்துகொண்டு வாடகைக்கார் ஓட்டுபவர் வீட்டுக்கும் அந்த எண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இந்த முறையில் கணக்கிட்டால் ஆப்கானியர் பணக்காரர்களாகத் தெரிவார்கள். இடத்தின் குணத்தை ஆளின் குணமாக எழுதுவது புள்ளியியலில் பழைய பிழை. இப்போது அதை இயந்திரம் செய்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே ஆள் அளவிலான தரவுக்குப் போக வேண்டும். அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை ஆண்டுதோறும் ஏறத்தாழ 35 லட்சம் முகவரிகளுக்கு அனுப்பும் அமெரிக்கச் சமூக ஆய்வுதான் இதற்கு அடிப்படை. அதில் இந்த இரண்டு சமூகமும் வெவ்வேறு கேள்விகளில் ஒளிந்திருக்கின்றன. ஆப்கானியரை நெடுங்காலமாகக் காட்டிவந்தது பூர்வீகக் கேள்வி; பி04006 என்ற டேபிளில் அகர வரிசையில் முதல் பெயரே அவர்களுடையது. ஒகினாவர் அந்த டேபிளில் இல்லை. அவர்கள் இனக் கேள்வியில், ஆசியரின் உட்பிரிவுகளைத் தரும் பி02015இல் வருவார்கள். பூர்வீகக் கேள்வி எழுதி நிரப்புவது. இரண்டு பூர்வீகம் வரை பதிவாகும். இனக் கேள்வியிலோ கட்டங்கள் உண்டு. இரண்டு டேபிளையும் எடுத்து எக்செல்லில் ஒட்டுபவர், இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்களை ஒரே அளவுகோல் என்று நம்பிவிடுகிறார்.

அந்தக் கட்டம் விஷயத்தில்தான் ஒகினாவர் கணக்கு முதலில் சறுக்குகிறது. ‘ஜப்பானியர்’ என்று அச்சிட்ட கட்டம் ஒன்று இருக்கிறது, டிக் அடித்தால் வேலை முடிந்தது. ‘ஒகினாவர்’ என்று பதிவாக வேண்டுமானால் ‘பிற ஆசியர்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் கையால் எழுத வேண்டும். 2010 கணக்கெடுப்பில் கலப்பு வம்சாவளியையும் சேர்த்து நாடு முழுவதும் அப்படி எழுதியவர்கள் சுமார் 11,000 பேர். ஹவாயில் மட்டும் ஒகினாவ வம்சாவளியினர் 45,000 முதல் 50,000 பேர் என்பது அங்குள்ள சங்கங்களின் மதிப்பீடு. ஆக, நம் கையில் வருவது ஒகினாவச் சமூகம் முழுவதும் இல்லை. தன்னை ஒகினாவர் என்று சிரமப்பட்டு எழுதும் அளவுக்கு அடையாள உணர்வுள்ள ஒரு பகுதி. அந்தப் பகுதி வயதில் மூத்ததா, கூடுதலாகப் படித்ததா, சங்கங்களில் ஈடுபாடுள்ளதா என்பதைப் பொறுத்து வருமானமும் ஒரு பக்கம் சாயும்.

ஏன் அப்படி எழுதுகிறார்கள் என்பதற்கு வரலாறு இருக்கிறது. ஒகினாவாவை ஆண்டுவந்த ரியூக்யூ அரசை ஜப்பான் தன்னோடு இணைத்துக்கொண்டது 1879இல். முதல் 26 ஒகினாவர்கள் ஹொனலுலுவில் இறங்கியது 1900 ஜனவரியில். அனுப்பி வைத்தவர் டோயாமா க்யூஸோ. அரசு ஒப்பந்தத்தில் மற்ற ஜப்பானியர் ஹவாய்க்கு வரத் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அதனால் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த ஜப்பானியரில் பின்னால் வந்தவர்கள் இவர்கள். பேச்சு வேறு, சாப்பாடு வேறு, பன்றி வளர்ப்பவர்கள் என்று ஏளனம் வேறு. உணவு விடுதிகளின் எச்சில் கழிவைச் சேகரித்துப் பன்றிக்குப் போட்ட அந்தத் தொழில்தான் பிறகு அவர்களைக் கைதூக்கிவிட்டது என்பதும், விடுதிகளோடு ஏற்பட்ட பழக்கம் அவர்களையே விடுதி நடத்தவைத்தது என்பதும் ஹொனலுலுவின் தொழில் வரலாற்றில் சுவையான பகுதி. 1966இல் ஹிகா சகோதரர்கள் தொடங்கிய ஸிப்பீஸ் உணவகங்கள் இன்றும் ஹவாய் முழுக்க இருக்கின்றன. ஒகினாவ வம்சாவளியைச் சேர்ந்த டேவிட் இகே 2014 முதல் 2022 வரை ஹவாயின் ஆளுநர். இந்தக் குடும்பங்களில் இன்று சம்பாதிப்பவர்கள் மூன்றாம், நான்காம் தலைமுறை. அவர்களைக் ‘குடியேறிகள்’ என்று டேபிளின் தலைப்பில் எழுதுவது எந்தக் கணக்கிலும் பொருந்தாது.

உண்மையாகவே குடியேறிய ஒகினாவர் என்றால், அவர்களில் பெரும்பங்கு வேறொரு கூட்டம். 1945க்குப் பின் ஒகினாவா அமெரிக்க ராணுவ நிர்வாகத்தில் இருந்தது. ஜப்பானிடம் திரும்பியது 1972 மே 15 அன்று. திரும்பிய பின்னும் தளங்கள் நின்றன. ராணுவத்தினரை மணந்து அமெரிக்கா வந்த பெண்கள் தளங்களை ஒட்டிய ஊர்களில், ஒருவரையொருவர் அறியாமல் சிதறிக் குடியேறினார்கள். இவர்கள் பிறந்த இடத்தைத் தேடினால் ஆய்வுக் கோப்பில் ‘ஜப்பான்’ என்று மட்டுமே இருக்கும். டோக்கியோவிலிருந்து மாற்றலாகி வந்த கார் நிறுவன அதிகாரியும் அதே குறியீட்டில்தான் இருப்பார்.

இந்தப் பெண்கள் குடும்ப வருமானக் கணக்கில் வருகிற விதம் கூர்ந்து பார்க்க வேண்டியது. இனவாரியான குடும்ப வருமான டேபிள், வீட்டுத் தலைவரின் இனத்தைக் கொண்டு பிரிக்கப்படுகிறது. படிவத்தில் ‘முதல் நபர்’ என்று எழுதப்படுபவர், அதாவது வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர், அந்தத் தலைவர். கணவர் தன் பெயரை முதலில் எழுதினால் அந்த வீடு வெள்ளையர் வீடாகவோ கறுப்பினத்தவர் வீடாகவோ பதிவாகும். மனைவி ஒகினாவர் என்பது இந்த டேபிளுக்குத் தெரியாது. இருவரும் சம்பாதித்த காலமெல்லாம் கணக்குக்கு வெளியே. கணவர் இறந்த பிறகு மனைவி ‘முதல் நபர்’ ஆவார். அப்போதுதான் அந்த வீடு ‘ஒகினாவர் வீடு’ ஆகும்: ஒரே ஆள், சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம், ஒருவேளை ராணுவ விதவைக்கான தொகை. கடன் தீர்ந்த சொந்த வீடு இருந்தாலும் வருமானம் குறைவு. இப்படிச் சில பத்து வீடுகள் மாதிரிக்குள் நுழைந்தாலே இடைநிலை இறங்கிவிடும். பரிகாரம் எளிது: டேபிளை விட்டுவிட்டு ஆள்வாரிக் கோப்பிலிருந்து (பெயரும் முகவரியும் நீக்கி, ஒவ்வொருவர் பதிலையும் தனித்தனியே தரும் கோப்பு), வீட்டில் யாராவது ஒருவர் ஒகினாவராக இருந்தால் அந்த வீட்டைச் சேர்த்துத் தனியாகவும், தலைவர் ஒகினாவராக இருந்தால் தனியாகவும், இரண்டு வரிசையாக எடுப்பது. பொதுப் பயன்பாட்டுக்கு வெளியாகும் அந்தக் கோப்பில் சிறு குழுக்களைப் பெரிய குழுவோடு சேர்த்துவிடும் வழக்கம் உண்டு என்பதால், எந்தக் குறியீடு யாரைக் குறிக்கிறது என்ற ஏட்டை அந்தந்த ஆண்டுக்குப் பார்த்த பிறகே கோட் எழுதத் தொடங்க வேண்டும்.

மாதிரி அளவும் இங்கே கழுத்தைப் பிடிக்கும். பொதுக் கோப்பு மக்கள் தொகையில் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு. 11,000 பேரில் ஒரு விழுக்காடு 110 பேர்; அதில் வீட்டுத் தலைவர்கள் பாதி இருந்தாலே பெரிது. ஐந்து ஆண்டுக் கோப்பைச் சேர்த்தால்தான் ஐந்நூறு சொச்சம் ஆட்கள் கிடைப்பார்கள். எனவே ஒகினாவருக்கு ஐந்தாண்டுக் கோப்பு தவிர்க்க முடியாதது. அதே ஐந்தாண்டுக் கோப்பு ஆப்கானியர் கணக்கைக் கெடுத்துவிடும் என்பதுதான் இந்த ஜோடியின் தனி வில்லங்கம்.

கெடுப்பது எப்படி என்று பார்ப்போம். அமெரிக்காவில் ஆப்கானிஸ்தானில் பிறந்தவர்கள் 2010இல் ஏறக்குறைய 54,000 பேர். 2022இல் ஏறக்குறைய 1,95,000. நடுவில் 2021 ஆகஸ்டில் காபூல் விழுந்தது. ‘நேசர்களை வரவேற்போம்’ என்ற நடவடிக்கையில் முதல் கட்டத்திலேயே 76,000க்கு மேல் வந்து சேர்ந்தார்கள். 2019 முதல் 2023 வரையான ஐந்தாண்டுக் கோப்பு என்பது, இந்த வருகைக்கு முன்னும் பின்னுமான இரண்டு வேறு சமூகங்களின் கலவை. அதில் கிடைக்கும் இடைநிலை, எந்த ஆண்டிலும் இருந்திராத ஒரு சமூகத்தின் இடைநிலை. போதாக்குறைக்கு 2020ஆம் ஆண்டுக்கான வழக்கமான ஓராண்டு வெளியீடு கொரோனாவால் வரவே இல்லை. சோதனை வெளியீடு மட்டுமே. ஆகவே ஆப்கானியருக்கு 2021க்கு முந்தைய கோப்புகள், 2022 முதலான கோப்புகள் என்று இரண்டு தொகுப்பு. ஒகினாவருக்கு ஐந்தாண்டும் சேர்ந்த ஒரே தொகுப்பு. அவலட்சணமாக இருக்கும். இருக்கட்டும்.

ஆப்கானியரிலும் வந்த வழி நான்கு. 1979 டிசம்பரில் சோவியத் படை நுழைந்த பிறகு, 1980ஆம் ஆண்டு அகதிகள் சட்டத்தின் துணையோடு வந்தவர்களில் காபூலின் படித்த நடுத்தர வர்க்கம் அதிகம். அவர்கள் பிள்ளைகள் இன்று அங்கேயே வழக்கறிஞர்கள், பல் மருத்துவர்கள். 1990களில் உள்நாட்டுப் போரிலும் தாலிபான் ஆட்சியிலும் பாகிஸ்தான் வழியாக வந்தவர்கள் இரண்டாம் கூட்டம். 2009ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அமெரிக்கப் படைக்கு மொழிபெயர்ப்பாளராகவும் பிற பணிகளிலும் இருந்ததற்காகச் சிறப்பு விசாவில் வந்தவர்கள் மூன்றாவது. இவர்கள் இறங்கிய நாளிலிருந்தே நிரந்தரக் குடியிருப்பு அட்டைக்கு (கிரீன் கார்டு) உரியவர்கள். 2021இல் தற்காலிக அனுமதியில் வந்தவர்கள் நான்காவது. இரண்டு ஆண்டு அனுமதி, பிறகு நீட்டிப்பு, புகலிட மனு என்று ஒவ்வொரு தாளுக்கும் காத்திருப்பு. வேலை அனுமதி அட்டையின் தேதி முடியும் மாதத்தில் சம்பளம் நிற்கும் ஆபத்து மூன்றாமவருக்குக் கிடையாது, நான்காமவருக்கு உண்டு. ஆய்வுப் படிவத்தில் விசா வகைக்குக் கேள்வியே இல்லை. வந்த ஆண்டை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

பிறந்த நாட்டை மட்டும் வைத்துத் தேடுவதும் குறையே. பெஷாவரிலோ மஷ்ஹதிலோ அகதி வாழ்க்கையில் பிறந்த பிள்ளைகள் பாகிஸ்தானியராகவும் ஈரானியராகவும் பதிவாவார்கள். மொழியை வைத்துப் பிடிக்கலாம் என்றால், தாரி (ஆப்கானியப் பாரசீகம்) பேசுபவர் ‘பாரசீகம்’ என்று எழுதினால் ஈரானியரோடு கலந்துவிடுவார். பஷ்தோ பேசுபவர்களில் பாகிஸ்தானியரும் உண்டு. (தமிழருக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் தமிழர் வருமானம் வேண்டுமென்றால் வீட்டில் பேசும் மொழிக் கேள்வியைத் தவிர நேர்வழி இல்லை. வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறிய இரண்டாம் தலைமுறை அதோடு கழன்றுவிடும்.) பூர்வீகம், பிறந்த நாடு, மொழி மூன்றில் இரண்டு ஒத்துவந்தால் சேர்ப்பது என்று ஒரு விதி வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது.

பெயரை வைத்துப் பிரிக்கும் முறையும் உண்டு. ஒகினாவருக்கு அது ஓரளவு கைகொடுக்கும்: ஹிகா, கானேஷிரோ, ஓஷிரோ, ஷிமாபுகுரோ, அராகாகி போன்ற குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் அந்தத் தீவுகளுக்கே உரியவை. திருமணத்தால் பெயர் மாறிய பெண்களும், பெயரை ஜப்பானிய ஒலிப்புக்கு மாற்றிக்கொண்டவர்களும் தவறிப்போவார்கள். ஆப்கானியருக்கு இது கிட்டத்தட்டப் பயனற்றது. பலருக்குக் கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர்தான். விசா அச்சிடும்போது அந்த ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய், முதற்பெயர் கட்டத்தில் ‘எஃப்என்யு’, அதாவது ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்று விழும். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஜனவரி 1. ஒரே வீட்டில் ‘எஃப்என்யு’ என்ற முதற்பெயரும் ஜனவரி 1 பிறந்தநாளுமாக இரண்டு பேர் இருந்தால், கடன் மதிப்பெண் நிறுவனத்தின் கோப்பில் ஒருவருடைய கடன் மற்றவர் கணக்கில் ஏறுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. வாடகை ஒப்பந்தம், கார் கடன், தொலைபேசி இணைப்பு எல்லாம் அந்த மதிப்பெண்ணில் தொங்குகின்றன. பொருளாதார நலன் என்று பேசும்போது வருமானத்துக்கு வெளியே இப்படியும் ஒரு செலவு இருக்கிறது. எந்த டேபிளிலும் அதற்கு ஒரு பத்தி கிடையாது.

இனி வருமானத்துக்கே வருவோம். குடும்ப வருமானத்தைத் தலைக்கணக்கு இல்லாமல் ஒப்பிடுவதுதான் இந்த ஜோடியில் நடக்கும் மிகப் பெரிய பிழை. இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் ஆண்டு வருமானம் 50,000 டாலர். ஒன்று சாக்ரமென்டோவில் எட்டுப் பேர் கொண்ட ஆப்கானியக் குடும்பம், இன்னொன்று இரண்டே பேர் கொண்ட ஒகினாவ முதியவர் வீடு. நலத்திட்ட அலுவலகங்கள் பயன்படுத்தும் 2023ஆம் ஆண்டு வறுமைக்கோடு இரண்டு பேருக்கு 19,720 டாலர், நான்கு பேருக்கு 30,000; அதற்கு மேல் ஒவ்வோர் ஆளுக்கும் 5,140 கூட்ட வேண்டும். எட்டுப் பேருக்கு 50,560. அதாவது ஒரே வருமானத்தில் முதல் வீடு கோட்டுக்குக் கீழே, இரண்டாவது வீடு கோட்டைப் போல இரண்டரை மடங்கு உயரத்தில். குடும்ப அளவின் வர்க்கமூலத்தால் வகுக்கும் வழக்கமான முறையில் முதல் வீட்டுக்கு 17,700 டாலர் அளவில் வரும், இரண்டாவதற்கு 35,400 அளவில். டேபிளில் இருவருக்கும் 50,000.

இதன் மறுபக்கமும் நடக்கும். அண்ணன் தம்பி குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்து மூன்று சம்பளம் வந்தால், அந்த ஆப்கானிய வீட்டின் குடும்ப வருமானம் ஒகினாவ வீட்டைத் தாண்டிவிடும். நான்கு படுக்கையறை வீட்டில் பதினொரு பேர் என்பதை வருமானப் பத்தி சொல்லாது. அறைக்கு எத்தனை பேர் என்ற பத்தியைப் பக்கத்தில் வைத்தால் சொல்லும். அந்தப் பத்தியைச் சேர்க்காத ஒப்பீட்டை வாங்கவே கூடாது.

சுயதொழில் வருமானத்தில் இன்னொரு குழி. புதிதாக வந்த ஆப்கானிய ஆண்கள் பலர் செயலி வழியாக வாடகைக்கார் ஓட்டுகிறார்கள். அந்த நிறுவனம் அனுப்பும் 1099-கே என்ற வரிப் படிவத்தில் பயணிகள் கொடுத்த முழுத்தொகை இருக்கும். ஒரு கணக்குக்காக 62,000 டாலர் என்று வையுங்கள். நிறுவனத்தின் பங்கு 15,500 போக 46,500. ஓட்டியது 40,000 மைல் என்றால், வாகனச் செலவாகக் கழித்துக்கொள்ள 2023ஆம் ஆண்டு வரித்துறை அனுமதித்த விகிதம் மைலுக்கு 65.5 சென்ட், ஆக 26,200. மிச்சம் 20,300. ஆய்வுப் படிவம் கேட்பது செலவு போக நிகர வருமானத்தை. ஆனால் கையில் இருக்கும் தாளில் 62,000 என்று அச்சாகியிருக்கும்போது, ஆங்கிலப் படிவத்தை அவசரமாக நிரப்புபவர் எதை எழுதுவார்? வரித்தாளைப் பார்த்து எழுதியவர் 20,300 எழுதுவார். ஒரே தொழில், ஒரே உழைப்பு, மூன்று மடங்கு வித்தியாசம். இதே 20,300தான் வங்கிக்குப் போகும்போது வீட்டுக்கடனைத் தடுக்கும் எண்ணும்கூட. ஓட்டுநர், தெருவண்டி, சிறுகடை ஆகிய தொழில்களின் சுயதொழில் வருமானத்தைத் தனியாக எடுத்துப் பரவலைப் பார்த்தால், இப்படிப் பெருக்கி எழுதியவை ஓரளவு கண்ணில் படும்.

பதில் எழுதும் நாளும் கணக்கைப் பாதிக்கும். ஆய்வு கேட்பது கடந்த 12 மாத வருமானம். ஆண்டு முழுவதும் மாதாமாதம் நடப்பதால் எந்த மாதமும் இருக்கலாம். ஐந்து மாதம் முன்பு இறங்கிய குடும்பத்துக்கு அமெரிக்க வருமானம் ஐந்து மாதம்தான். அதிலும் முதல் இரண்டு மூன்று மாதம் சமூகப் பாதுகாப்பு எண், ஓட்டுநர் உரிமம், பள்ளிச் சேர்க்கை என்று ஓடியிருக்கும். 2021-22இல் மீள்குடியேற்ற உதவியாக ஆளுக்கு 2,275 டாலர் ஒதுக்கப்பட்டது. அதில் குடும்பத்துக்கு நேரடியாகச் செலவிட 1,225. மிச்சம் முகமையின் நிர்வாகத்துக்கு. உணவு உதவி அட்டை வருமானமாகவே எண்ணப்படாது. ஆகவே வந்த ஆண்டும் அதற்கு அடுத்த ஆண்டும் உள்ளவர்களைத் தனி வரிசையில் தள்ளாமல் வறுமை விகிதம் எடுத்தால், அளக்கப்படுவது வறுமையைவிடப் பயணக் களைப்பே. அவர்களை நீக்கியே விடலாம் என்று சொல்பவர்களும் உண்டு. அது இன்னும் மோசம்: உதவி அதிகம் தேவைப்படும் ஆட்கள் அறிக்கையிலிருந்தே மறைந்துவிடுவார்கள்.

ஆண்டுகள் கடந்தால் வருமானம் எவ்வளவு ஏறும் என்ற கேள்வி உடனே வரும். இதில் பொருளியலாளர்கள் ஒருமுறை பெரிய சண்டையே போட்டிருக்கிறார்கள். 1978இல் பாரி சிஸ்விக், 1970 கணக்கெடுப்பைக் கொண்டு, குடியேறிகள் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உள்ளூராரை எட்டிப் பிடிக்கிறார்கள் என்றார். 1985இல் ஜார்ஜ் போர்ஹாஸ், ஒரே ஆண்டின் தரவில் பழையவரையும் புதியவரையும் ஒப்பிட்டால் வந்த கூட்டங்களின் வேறுபாட்டை முன்னேற்றம் என்று எண்ணிவிடுவோம் என்றார். ஆப்கானியர் விஷயத்தில் போர்ஹாஸின் எச்சரிக்கை அப்படியே பொருந்தும். 1982இல் வந்த காபூல் பேராசிரியரின் இன்றைய நிலையைக் காட்டி, 2021இல் வந்த ஹெல்மந்து மாகாணப் படைவீரர் 40 ஆண்டில் அங்கே போய்ச் சேருவார் என்று கோடு இழுக்க முடியாது. ஒரே கூட்டத்தை 2012, 2017, 2022 என்று அடுத்தடுத்த கோப்புகளில் வந்த ஆண்டை வைத்துத் தொடர்வதுதான் வழி.

வருமானத்தை விட்டுச் சொத்துக்குப் போனால் ஒகினாவரின் பலம் தெரியும். ஆய்வில் சொத்துக் கேள்வி கிடையாது. வீடு சொந்தமா, கடன் உண்டா, வீட்டின் மதிப்பு, வட்டி-ஈவுத்தொகை-வாடகை வருமானம் என்ற நான்கு ஜன்னல்கள் வழியாக எட்டிப்பார்க்கலாம். ஹவாயில் நிலம் சில பெரிய எஸ்டேட்டுகளின் கையில் இருந்ததால், வீடு சொந்தமாகவும் அடிமனை குத்தகையாகவும் இருந்த குடும்பங்கள் ஏராளம். 1967 நிலச் சீர்திருத்தச் சட்டம் அந்த அடிமனையை வாங்க வழிசெய்தது. 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்த வாசலில் நுழைந்த குடும்பத்தின் பேரப்பிள்ளைக்குச் சுமாரான சம்பளம் இருந்தாலும் தலைக்கு மேல் கூரை கவலையில்லை. ஆனால் ஹவாயின் விலைவாசியைக் கணக்கெடுப்புத் துறையின் அதிகாரபூர்வ வறுமைக்கோடு பார்ப்பதே இல்லை. நாடு முழுவதற்கும் ஒரே கோடு. நலத்திட்டங்களுக்கான கோட்டில் மட்டும் ஹவாய்க்குத் தனி எண் உண்டு: 2023இல் நான்கு பேருக்கு 34,500. எந்தக் கோடு என்று குறிப்பிடாத வறுமை விகிதம் ஹவாயைச் செழிப்பாகவே காட்டும்.

சொத்து சேர்ந்த வழியில் நமக்கு அன்னியமில்லாத ஒன்றும் இருக்கிறது. ஒகினாவாவில் ‘மோஅய்’, ஹவாயில் ‘தனோமோஷி’ என்று வழங்கியது அச்சு அசல் நம்மூர் சீட்டு. மாதம் ஒரு தொகை போட்டு, முறைவைத்தோ ஏலத்திலோ எடுத்து, பன்றிப் பண்ணையும் சாப்பாட்டுக் கடையும் தொடங்கினார்கள். வங்கி வாசல் திறக்காத காலத்தில் முதல் மூலதனம் அதுதான். சீட்டுப் பணம் எந்தக் கணக்கெடுப்புக்கும் வருமானம் ஆகாது, கடனும் ஆகாது. ஆப்கானியரிடம் வட்டியில்லாக் கைமாற்று அந்த இடத்தில் இருக்கிறது. வட்டி கூடாது என்று வீட்டுக்கடனையே தவிர்க்கும் குடும்பங்களும் உண்டு. எனவே சொந்த வீட்டு விகிதம் குறைவாக இருந்தால் அது முழுவதும் ஏழ்மை என்று படிப்பது அவசரம்.

வெளியே போகும் பணத்துக்கும் இதே கதிதான். காபூலிலோ ஹெராத்திலோ பெற்றோருக்கு ஹவாலா வழியாக மாதம் 300 டாலர் அனுப்பும் வீட்டில், ஆண்டுக்கு 3,600 கழிந்த பிறகுதான் குடும்பம் நடக்கிறது. ஒகினாவரும் ஒரு காலத்தில் இதைச் செய்தவர்கள். 1920களில் சர்க்கரை விலை சரிந்து, நச்சுள்ள சைகஸ் மரத்தின் விதையையும் தண்டுச் சோற்றையும் நச்சு நீக்கித் தின்று பஞ்சத்தைத் தாண்டிய ஆண்டுகளில் ஊரைத் தாங்கியது வெளிநாட்டுப் பணம். போருக்குப் பின் 1948இல் ஹவாய் ஒகினாவர்கள் 550 பன்றிகளை வாங்கிக் கப்பலேற்றி ஒகினாவாவுக்கு அனுப்பினார்கள். இன்றைய ஒகினாவ வீட்டில் அந்தக் கடமை முடிந்துவிட்டது. ஆப்கானிய வீட்டில் அது 2021க்குப் பிறகு கூடியிருக்கிறது. இரண்டு வீட்டு வருமானமும் சமம் என்றால், கையில் நிற்பது சமம் இல்லை.

இவ்வளவும் செய்த பிறகு பிழை வரம்பு. மாதிரியிலிருந்து எடுத்த எண் எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்பதைச் சொல்வது அது. வெளியாகும் பிழை வரம்பு 90 விழுக்காட்டு நம்பகத்துக்கானது, 1.645ஆல் வகுத்தால் திட்டப்பிழை. உதாரணத்துக்கு ஒரு குழு 78,000, கூடக்குறைய 9,000. இன்னொன்று 71,000, கூடக்குறைய 6,000. திட்டப்பிழைகள் 5,471, 3,647. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 6,575. வித்தியாசம் 7,000, அதை 6,575ஆல் வகுத்தால் 1.06. அதே 90 விழுக்காட்டு நம்பகத்துக்குத் தேவையான 1.645ஐத் தொடவில்லை. ஆக, முன்னணி பின்னணி என்று எழுதத் தரவு இடம் கொடுக்கவில்லை. ஒகினாவர் போன்ற சிறு குழுவில் பாதி வித்தியாசங்கள் இந்த இடத்தில் உதிர்ந்துவிடும். வயதுச் சமன் செய்தால் இன்னும் கொஞ்சம் உதிரும்: 25 முதல் 54 வயதுள்ள தலைவர்களை மட்டும் எடுத்து, இரண்டு குழுவுக்கும் ஒரே வயது எடைகளைப் போட்டுப் பார்ப்பது அந்த வேலை.

கடைசியில் டேபிள் எப்படி இருக்கும்? ஒகினாவருக்கு மூன்று வரிசை: ஹவாயில் பிறந்தவர், பிற மாநிலங்களில் பிறந்தவர், வெளிநாட்டில் பிறந்தவர். ஆப்கானியருக்கு வந்த ஆண்டை வைத்து நான்கு: 1990க்கு முன், 1990 முதல் 2008 வரை, 2009 முதல் 2020 வரை, 2021 முதல். அமெரிக்காவில் பிறந்த ஆப்கானியப் பிள்ளைகளில் தனிக்குடித்தனம் போனவர்கள் போதுமான அளவு இருந்தால் ஐந்தாவது. பத்திகள்: குடும்ப வருமானம், தலையளவு சரிசெய்த வருமானம், வீட்டில் எத்தனை பேர், சம்பாதிப்பவர் எத்தனை பேர், அறைக்கு எத்தனை பேர், சொந்த வீடு, வருமானத்தில் வாடகைக்குப் போவது எத்தனை விழுக்காடு, எந்த வறுமைக்கோடு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பிழை வரம்பு; 50 மாதிரிக்குக் கீழே உள்ள கட்டத்தில் எண்ணுக்குப் பதில் ஒரு சிறு கோடு.

‘மொத்தம்’ என்ற வரிசையை எல்லோரும் கேட்பார்கள். அதைக் காலியாக விட்டால், அச்சுக்குப் போகும் முன் யாராவது ஒருவர் எக்செல்லில் சராசரி போட்டு நிரப்பிவிடுவார். அந்த வரிசையையே வரையாமல் விடுவது பாதுகாப்பு.